பால்குடி

அது இலை மாதிரி இருக்கும் என்று ஜெய்னம்புவுக்கு முதன்முதலில் சொன்னவர் டாக்டர் எழிலரசி. நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், வெள்ளிக்கிழமை, எங்கோ ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்த நேரம். இதே திருநெல்வேலி ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில், மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் ஜெய்னம்புவும் ஐந்து மாசம் தாண்டிய வயிற்றோடு அவள் மகள் ருகையாவும். "இந்தக் கட்டியில கொஞ்சம் சதையை எடுத்துக் கண்ணாடித் தகட்டுல வச்சுப் பெரிசாக்கிப் பாத்தா, இலை இலையா மடிஞ்சு மடிஞ்சு தெரியும்மா. அதை வச்சுத்தான் அதுக்குப் பேரு. ரொம்ப அபூர்வம். அதுலயும் மாசமா இருக்கிற பிள்ளைக்கு மாருல இது வந்து நான் பாக்கறது இதுதான் முதல் தடவை" என்றார். அதற்குப் பிறகும் அவர் ரொம்ப நேரம் பேசினார். இது சாது ஜாதி இல்லை, கெட்ட ஜாதி என்றார், சீக்கிரம் வளரும் என்றார், மாரை முழுசாக எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார், ஆறாம் மாசம் முடிகிறதுக்குள் செய்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை என்றார். ஜெய்னம்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அவள் மனசு இலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. இலை எங்கேயாவது கெட்டது செய்யுமா. அபூர்வம் என்ற சொல்லையும் அவள் அதுவரை நல்லதுக்குத்தான் கேட்டிருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருசம் ஏங்கிக் கிடந்து ருகையா தலைசுற்றி உட்கார்ந்த அன்று, அபூர்வமா வந்த பிள்ளை, அல்லாஹ் ஆயுசைக் கொடுக்கணும் என்று தெருவே சொன்னது. அதே சொல்லை எடுத்து இதற்கும் வைத்துவிட்டார்கள்.

இப்போதும் கண்ணெதிரே இலைதான். மூன்றாம் மாடி வார்டின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதாம் மரம். அகலமான இலைகள், பாதி பச்சை, பாதி கருஞ்சிவப்பு. லுஹர் தொழுகைக்குப் பிந்திய மத்தியான வெயில் பின்னாலிருந்து அடிக்க, நரம்பு நரம்பாகத் தெரிகிறது. ஜெய்னம்பு பார்வையைத் திருப்புகிறாள், ஆனால் பார்த்தது பார்த்ததுதான். ருகையாவின் இடது மாரில், அதை எடுப்பதற்கு முந்தின நாட்களில், அப்படித்தான் நீல நரம்புகள் கிளைவிட்டிருந்தன. முதலில் எலுமிச்சம்பழம் அளவு. குளிக்கும்போது கையில் தட்டியதாம். "உம்மா, இங்க கல்லு மாதிரி என்னவோ" என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஜெய்னம்பு தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "பால் கட்டுதுளா. இப்பவே சுரக்க ஆரம்பிச்சிட்டு. உன்னைச் சுமந்தப்போ எனக்கும் இப்படித்தான்." அந்தச் சிரிப்பு, அந்தச் சந்தோசம். ஊர் டாக்டரம்மாவும் தொட்டுப் பார்த்துவிட்டு, மாசமா இருக்கையில் இதெல்லாம் சகஜம் என்றுதான் சொன்னார். யாரைச் சொல்ல. பால் என்று நினைத்த இடத்தில் வேறொன்று இருக்கும் என்று யார் நினைப்பார்கள். உப்பு ஒத்தடம் கொடுத்தாள், யாஸீன் ஓதித் தண்ணீர் கொடுத்தாள். ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க அது கொய்யாக்காய் ஆனது, இன்னும் பெரிசானது, தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டது. அப்புறம்தான் ஸ்கேன். அப்புறம்தான் ஊசி. அந்த ஊசி தபாலாபீசில் முத்திரை குத்துகிற மாதிரி டப் என்று சத்தம் போட்டது. ருகையா உம்மாவின் கையை நெரித்தாள். எடுத்த சதையை இங்கே ஒருவர் பார்த்தார், அவருக்குச் சந்தேகம் தீராமல் வெளியூருக்கு அனுப்பினார், அங்கே இன்னொருவர் பார்த்தார். இத்தனை பேர் உற்றுப் பார்த்து, கடைசியில் இலை.

ருகையா தூங்குகிறாள். மல்லாக்கப் படுக்கக் கூடாது, வயிறு முதுகுப் பக்கத்து ரத்தக் குழாயை அழுத்தும் என்று நர்ஸ் ஸ்டெல்லா சொல்லி, வலது இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை சொருகி, இடப்பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். போர்வைக்கு மேலே வயிறு மேடாக இருக்கிறது. அதற்கு மேலே ஒரு பக்கம் மேடு. மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பதற்கு ஜெய்னம்புவுக்கு இன்னும் பழகவில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, சின்னக் குடுவையில் சிவப்பும் மஞ்சளுமாக நீர் சேர்கிறது. காலையிலும் மாலையிலும் அதைக் கொட்டுவது ஜெய்னம்புதான், நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் பாதியைத் தரையில் சிந்தினாள். இப்போது ஒரு சொட்டும் சிந்துவதில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எல்லாம் பழகிப்போகுமா. பழகக் கூடாத விஷயம் எல்லாமா பழகிப்போகும். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சைப் படம் எடுத்தபோது வயிற்றின் மேல் கனத்த ஈயக் கவசத்தைப் போர்த்தினார்கள். ருகையா அதைத் தட்டிப் பார்த்து, "உம்மா, பொறக்குமுன்னாலயே என் பிள்ளைக்கு இரும்புச் சட்டை போட்டாச்சு, பெரிய வீரனா வருவான்" என்றாள். எந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு கேலி கிடைத்துவிடும். வாப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். அவள் வாப்பா கண்ணை மூடி மவுத்தாகிறதுக்கு முந்தின நாள்கூட, சுவரில் ஒட்டிய பல்லியைக் காட்டி, இதுவும் என்னை நலம் விசாரிக்க வந்திருக்கு என்றவர். ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்ததும் வயிற்றில் பசை தடவி அந்தக் கருவியை வைத்தார்கள். முதலில் சரசரவென்று இரைச்சல், அப்புறம் தையல் மிஷினை யாரோ மூச்சுவிடாமல் மிதிக்கிற சத்தம். டக்டக்டக்டக். "நல்லா இருக்கும்மா" என்றாள் ஸ்டெல்லா. உயிரோடு இருப்பதின் சத்தம் இவ்வளவு அவசரமாகவா இருக்கும். எதற்கு இந்த அவசரம் கண்ணே, மெல்ல வா, உன் உம்மா எழுந்து உட்காரட்டும்.

மெல்ல வா என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. காலையில் டாக்டர் வந்து போனதிலிருந்து எதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது. கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து எடுத்தாயிற்று, அந்த மட்டுக்கும் சரி என்றார். ஆனால் நெஞ்சுப் படத்தில் நுரையீரல் பக்கம் ஒரு புள்ளி தெரிகிறது, அது இதுவா, வேறா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, பிள்ளை பிறந்ததும் முழுசாகப் படம் எடுக்கலாம் என்றார். எப்படியும் பிரசவத்தைக் கொஞ்சம் முன்னாடியே வைத்துக்கொண்டு, அது முடிந்த கையோடு கதிர் கொடுக்க வேண்டும், கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். ருகையா எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் புள்ளி எவ்வளவு பெரிசு என்று கேட்கவில்லை, பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "இந்தப் பக்கம் பால் வரும்ல டாக்டர்? கொடுக்கலாம்ல?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று இந்தச் சில நாளில் ஜெய்னம்பு தெரிந்துகொண்டாள். மருந்து ஏறுகிற காலத்தில் பால் கொடுக்க முடியாதும்மா, மருந்து பாலிலும் இறங்கும், பால் நிற்க மாத்திரை கொடுத்துவிடுவோம் என்றார். முன்கூட்டியே பிறக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் நல்லது, டப்பாப் பாலை அந்தக் குடல் தாங்குவது கஷ்டம், பெரியாஸ்பத்திரியில் பால் வங்கி இருக்கிறது, நாலு தாய்மார் கொடுத்த பாலை வாங்கிக் கொடுக்கலாம் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். நாலு தாய்மார் பால். யார் பாலோ, எந்த ஊர்க்காரியோ. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு யார் யாரெல்லாம் உம்மா, யார் யாரெல்லாம் கூடப்பிறந்தது என்று யாருக்குத் தெரியும். டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது. சொன்னால் சிரிக்க மாட்டார், ஆனால் புரியாது. பால் குடித்தால் பிள்ளை. வயிற்றில் சுமந்தவளுக்கு எப்படியோ அப்படி, வயிறு நிறைய ஊட்டியவளுக்கும் அது பிள்ளை, அவள் பெற்ற பிள்ளைகளுக்கு அது உடன்பிறப்பு. பக்கத்துத் தெருவில் பந்தல் போட்ட பிறகு ஒரு கல்யாணம் நின்றது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மார் என்று ஒருத்திக்குப் பிந்தி ஞாபகம் வந்தது. பந்தல் மூங்கிலைக் கழற்றிய சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

அதனால்தான் தாஹிரா. தாஹிரா ஜெய்னம்புவின் மகன் மெய்தீன் கட்டிய பெண். மருமகள்தான், ஆனால் ஒரே கூரையில் இருந்ததில்லை. அவளும் ருகையாவும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவர்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. பையன் கட்டின வீட்டுக்குப் போய்விடுவான். மெய்தீன் தாஹிராவின் உம்மா வீட்டில், ருகையாவின் மாப்பிள்ளை ஜெய்னம்பு வீட்டில். அவர் இப்போது வெளிநாட்டில், தம்மாமில், லீவு கிடைக்காமல் தினம் போனில் அழுகிறார். தாஹிராவுக்குப் பெண் குழந்தை, அஃப்ரா, நாலு மாசமாகிறது. நல்ல பால்காரி. பிள்ளை கன்னத்தைப் பார்த்தாலே தெரியும். அஃப்ரா பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியது ருகையாதான். அவளும் அப்போது முழுகாமல்தான் இருந்தாள், ஆனால் நாள் தள்ளியது அவளுக்கே இன்னும் உறுதியில்லை. யாருக்கும் சொல்லவில்லை. பேரீச்சம்பழத்தைக் கசக்கி நாக்கில் தடவி, "இது எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு" என்றாள். உறுதியானதும் தாஹிராவுக்குப் போன் போட்டு எடுத்த எடுப்பிலேயே "சம்பந்தி!" என்றாள். தாஹிரா அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். பையனா பொண்ணா என்று தெரியுமுன்பே சம்பந்தமா என்று மெய்தீன் கேட்டதற்கு, "நீ சும்மாரு, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால அதிகம் பேசக் கூடாது" என்றாள். அப்புறம் ஒரு நாள் பொடிப்பொடியான கருகமணி வாங்கி, கறுப்பு நூலில் தானே கோத்து, அஃப்ராவின் கையில் கட்டினாள். கல்யாணத்தன்று பெண் கழுத்தில் கட்டுகிறதும் கருகமணிதான், பச்சைப்பிள்ளை கையில் கட்டுகிறதும் கருகமணிதான். ருகையா கட்டியது எது என்று எல்லோருக்கும் தெரியும். "கட்டியாச்சு, இனி வேற எவனும் பொண்ணு கேட்டு வந்துரக் கூடாது" என்றாள். அன்றைக்கு அந்தக் கட்டி எலுமிச்சம்பழம் அளவுதான்.

இன்றைக்குத் தாஹிரா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. ஏறிவிட்டேன் மாமி என்று போன் பேசி நேரமாகிறது. அவளிடம் கேட்க வேண்டும். ஜெய்னம்பு தஸ்பீஹ் மணியை உருட்டுகிறாள். ஒவ்வொரு மணிக்கும் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் அதைச் சொல்கிறது, மனசு வேறொன்றைச் சொல்லிப் பார்க்கிறது. தாஹிரா, ஒண்ணு கேக்கணும்மா. இல்லை, அப்படித் தொடங்கினால் பயந்துவிடுவாள். தாஹிரா, உனக்குப் பால் நல்லா இருக்குல்ல? இது கண் வைக்கிற மாதிரி இருக்கிறது. தாஹிரா, பிள்ளை பொறந்ததும். பிறந்ததும் என்ற இடத்தில் சொல் முறிந்துபோகிறது. கேட்டால் தாஹிரா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அதுதான் பயம். சரி என்று சொல்லிவிடுவாள், அந்தச் சரியோடு அஃப்ரா இந்த வீட்டுப் பெண் இல்லை என்றாகிவிடும், இந்தப் பிள்ளைக்கு அக்கா என்றாகிவிடும், அந்தக் கருகமணி சும்மா கறுப்பு மணியாகிவிடும். ருகையா பார்க்க நினைத்திருக்கும் அந்தக் கல்யாணம் இல்லை என்றாகிவிடும். காலையில் டாக்டர் போன பிறகு ருகையா என்ன சொன்னாள்? "உம்மா, மச்சிகிட்ட இதையெல்லாம் சொல்லி அழுதுக்கிட்டு இருக்காதே. சம்பந்தி வந்தா நானே பேசிக்கிறேன்." அவள் பேச்சு சம்பந்தி என்றுதான் முடிகிறது. அந்தக் கல்யாணப் பந்தலில் தான் நிற்பது போல நினைத்துக்கொண்டுதான் அவள் மூச்சு ஓடுகிறது. அதைப் பெற்றவளே போய்க் கழற்றுவதா. பால் கேட்பது என்றால், நீ அதுவரைக்கும் இருக்க மாட்டாய் என்று மகள் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லையா. கேட்காமல் இருப்பது என்றால், பசியோடு பிறக்கப்போகிற அதை யார் என்று தெரியாத நாலு பேர் பாலுக்கோ டப்பாவுக்கோ விடுவதில்லையா. மணி உருள்கிறது. எந்தப் பக்கம் போனாலும் மனசு திரும்பி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது, செக்கைச் சுற்றின மாதிரி.

ஐந்து தடவை என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால்தான் அந்த முறை வரும். ஓதுகிற இடத்தில் கேட்டது, இப்போது நினைவுக்கு வந்து கிசுகிசுக்கிறது. அப்படியானால் நாலு தடவை? நாலு தடவை தாஹிராவிடம் குடிக்க வைத்து, அதற்கு மேல் டப்பாப் பால் கொடுத்தால்? முதல் நாள், முதல் நாள்தானே ரொம்ப முக்கியம். நாலு தடவை, கணக்காக, ஐந்தாவதுக்கு முன்னால் எடுத்துவிட்டால் சம்பந்தமும் நிற்கும், பிள்ளையும் பிழைக்கும். ஒரு கணம் அவளுக்கு ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்டாள். மாரில் வாய் வைத்த ஒரு சிசு, அதன் தலைமாட்டில் விரலை மடக்கிக்கொண்டு ஒருத்தி. போதும், எடு, நாலாச்சு. அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கணும். ஜெய்னம்பு சத்தமாகவே சொல்லிவிட்டாள். ருகையா லேசாகப் புரண்டு, வலியில் முகம் சுருங்கி, மறுபடி தூங்கிப்போனாள். அதுவும், பிறக்கப்போவது பெண்ணாக இருந்தால்? அப்போது சம்பந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, இத்தனை புழுக்கமும் வீண். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன் எடுக்கிற பெண்ணிடம் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். "பிள்ளைக்குச் சட்டை தைக்கணும்மா, என்ன கலர்ல துணி எடுக்கட்டும்?" அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாக் கலர்லயும் தைங்க பாட்டி, போட்டு அழகு பாருங்க" என்றது. ருகையா வயிறு குலுங்கச் சிரித்தாள், அசையாதீங்க அசையாதீங்க என்று அந்தப் பெண் கத்தியது. சிரிப்பு. அந்த அறையில் அப்போது சிரிப்பு இருந்தது.

தாஹிரா வந்தபோது சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, நெருங்கிவிட்டது. புர்காவெல்லாம் வியர்த்து, ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் தூக்குச்சட்டி. "பஸ்ஸா அது, பஸ்ஸு! வழியில ஒரு ஆட்டுக்குட்டிகூட விடாம நிறுத்தி ஏத்திட்டு வர்றான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். ஒரு பக்கம் இல்லாததை அவள் கண் பார்த்தது, பார்க்காத மாதிரி உடனே முகத்துக்கு ஏறியது. அந்த ஒரு நொடியை ருகையா விடவில்லை, கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். "என்ன சம்பந்தி, அளவு எடுக்கிறியா? பாதித் துணி மிச்சம், ஜாக்கெட்டு தைக்கிறவனுக்கு நஷ்டம்" என்றாள். தாஹிராவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "போங்க மச்சி" என்று மட்டும் சொன்னாள். தூக்குச்சட்டியில் வட்டிலாப்பம். போனில் ருகையா வேண்டுமென்று கேட்டதாம். அவள் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். "ஏலக்காய் கூடிப்போச்சு. பொண்ணு வீட்டுல சமையல் இப்படி இருந்தா மாப்பிள்ளை எப்படி மறுநாள் வருவாரு" என்றாள். "உங்க மவன் வராட்டிப் போகட்டும், எங்க வீட்டுல நாங்களே சாப்பிடுவோம்" என்று தாஹிரா சொன்னாள், சொல்லிவிட்டு அஃப்ராவைக் கட்டிலில் ருகையாவின் வலப்பக்கம் படுக்க வைத்தாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு, தன் கையில் இருக்கிற கறுப்பு மணியை வாய்க்குள் கொண்டுபோகப் பார்த்தது. ஜெய்னம்பு அந்த மணியைப் பார்த்தாள். இப்போது கேட்கலாம். இப்போது. தாஹிரா, ஒண்ணு கேக்கணும். வாய் திறந்தது. "பஸ்ஸுல பிள்ளை அழுதாளா?" என்றுதான் வந்தது. "இல்லை மாமி, தூங்கிட்டே வந்தா" என்றாள் தாஹிரா. பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. பாங்கு ஜெய்னம்புவுக்கு ஒரு மறைவு மாதிரி வந்து வாய்த்தது. "நீங்க தொழுதுருங்க மாமி, நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டுத் தொழுதுக்கிறேன்" என்றாள் தாஹிரா.

கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, ஜன்னலைப் பார்க்கக் கட்டிலை ஒட்டி முஸல்லாப் பாயை விரித்தாள் ஜெய்னம்பு. கட்டில் அவள் இடப்பக்கம். எதிரே வாதாம் இலைகள். அல்லாஹு அக்பர் என்று கையைக் கட்டியதும், இடப்பக்கமிருந்து ருகையாவின் குரல் வந்தது, மெல்ல, ஆனால் தெளிவாக. "மச்சி, உம்மா தக்பீர் கட்டிட்டா. இனி ஸலாம் கொடுக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன்." ஜெய்னம்புவின் உதட்டில் அல்ஹம்து ஓடிக்கொண்டிருந்தது. அர்ரஹ்மானிர்ரஹீம். காதைப் பொத்த முடியாது, திரும்ப முடியாது, உம் என்றுகூடச் சொல்ல முடியாது. "பிள்ளை பொறந்ததும் எனக்குப் பால் நிக்க மாத்திரை கொடுத்துருவாங்களாம். நீதான் கொடுக்கணும்." கட்டில் கிரீச்சிட்டது, தாஹிரா உட்கார்ந்திருப்பாள். நேரான வழி, எங்களுக்கு நேரான வழியைக் காட்டு என்று உதடு ஓதிக்கொண்டே போனது. "மச்சி," என்றாள் தாஹிரா, "அப்போ சம்பந்தம்?" குனிந்தாள் ஜெய்னம்பு, முழங்காலைப் பிடித்தாள். "அதுக்குத்தான் உம்மா கேக்க மாட்டா. அவளுக்கு அதுல உசிரு. காலையில இருந்து வாயைத் திறக்கிறதும் மூடுறதுமா இருக்கா, நான் தூங்குற மாதிரிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். என் ஆசைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. ஆசைதான், இல்லேங்கல." நிமிர்ந்தாள். ஸுஜூதில் விழுந்தாள். நெற்றி தரையில் பட்டது. ஸுஜூதில் கேட்டதைக் கொடுப்பான் என்பார்கள், என்ன கேட்பது என்று காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தாள், என் பிள்ளையின் உசிரு, அவள் பிள்ளையின் உசிரு, அந்தப் புள்ளி வேறெதுவோவாக இருக்கட்டும், எல்லாம் கலைந்துபோய், கொடு, கொடு என்று மட்டும் வந்தது, எதை என்று வரவில்லை.

"பிள்ளைக்கு நீ வெறும் மாமி. மாமின்னா யாரு மச்சி?" மேலே, கட்டில் பக்கம், ருகையா பேசிக்கொண்டே போகிறாள். தண்ணீர் குடிக்கிற சத்தம். "தம்பி பொண்டாட்டி. மனசிருந்தா வச்சுப்பா, இல்லேன்னா பெருநாளைக்குப் பெருநாள் வந்து பாப்பா. நீ அப்படின்னு சொல்லல, கோவிச்சுக்காதே. ஆனா பால் கொடுத்துட்டா நீ அதுக்கு உம்மா. அது அல்லாஹ் போட்ட முறை, யாரும் அழிக்க முடியாது, நீ நெனச்சாலும் முடியாது. எனக்கு ஒண்ணுன்னா, அதுக்கு நெசமாவே ஒரு உம்மா மிச்சம் இருக்கணும். பையன்னா அஃப்ராவை அது கட்டிக்க வேணாம், கூட்டிக்கிட்டு ஐஸ் வாங்கப் போகட்டும். அதுவும் நல்லாத்தானே இருக்கும்." தாஹிரா அழுகிறாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். எழுந்தாயிற்றா, மறுபடி குனிய வேண்டுமா, இது மூன்றாவது ரக்அத்தா நாலாவதா, ஜெய்னம்புவுக்குத் தெரியவில்லை. எதிரே இலை அசைகிறது. சம்பந்தம் போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள், போவதை மட்டும்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ருகையாவோ வரப்போவதை எண்ணியிருக்கிறாள், ஒரு உம்மா வருவதை. தனக்குப் பிறகு என்று எண்ணியிருக்கிறாள். எப்போது எண்ணினாள், யார் பக்கத்தில் இருக்கும்போது எண்ணினாள், பக்கத்திலேயே மணியை உருட்டிக்கொண்டு தானல்லவா உட்கார்ந்திருந்தோம். "சரி மச்சி" என்றாள் தாஹிரா. மூக்கை உறிஞ்சினாள். "எம் மவன்னு கொடுக்கிறேன். எம் மவள்னாலும்." "இன்னொண்ணு" என்றாள் ருகையா, குரலில் அந்தப் பழைய கேலி தலைநீட்டியது. "உம்மா உங்கிட்ட வந்து, நாலு தடவையோட நிறுத்திக்கலாமான்னு கேட்டாலும் கேப்பா. அவ ஓதினவ, கணக்கு தெரியும். நீ கேக்காதே. கணக்கு இல்லாமக் கொடு. வயிறு நிறையக் கொடு." ஜெய்னம்புவின் கண்ணிலிருந்து விழுந்த நீர் கட்டியிருந்த கையின் மேல் சொட்டியது. தொழுகை கூடுமா கூடாதா என்று தெரியவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் உள்ளங்கை தெரியும் என்பார்கள், பிள்ளைக்குப் பெற்றவளின் உள்ளம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

கடைசி இருப்பில் உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதினாள். விரலை உயர்த்தும்போது, கட்டில் பக்கம் ஏதோ சின்னச் சத்தம், நகம் நூலில் உரசுகிற மாதிரி. "இதை அவுத்துருவோம்" என்றாள் ருகையா. "இது இருந்தா உம்மாவுக்குப் பாக்கப் பாக்க வலிக்கும்." இடது கையைத் தூக்க அவளால் முடியாது, தோள் வரை தையல். ஒற்றைக் கையால் முடிச்சை நெருடிக்கொண்டிருக்கிறாள். அஃப்ரா அதை விளையாட்டு என்று நினைத்து கெக்கலிக்கிறது. "நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன் பாரு. வர மாட்டேங்குது. ஒத்தக் கையால முடியல மச்சி, நீ அவுரு." ஜெய்னம்பு வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தாள். வாதாம் இலையும் சுவரும் தெரிந்தன. இடப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தாள். கட்டிலில் மகள், போர்வைக்கு மேலே அந்த வயிறு, வயிற்றில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருக்கிற பிள்ளை, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிற மருமகள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். இப்போது பேசலாம், தொழுகை முடிந்துவிட்டது, வாய் திறக்கலாம். துஆவுக்கு ஏந்த வேண்டிய கையை அவள் தரையில் ஊன்றி எழுந்தாள், கட்டிலுக்கு வந்தாள், தாஹிராவின் விரல்களின் மேல் கையை வைத்தாள்.

"அவுக்காதே தாஹிரா. பிள்ளை கையில சும்மா அழகுக்குக் கெடக்கட்டும்மா."